தனிநபர் அமர்விலிருந்து குழுவுக்கு: இராமநாதபுரம் கடற்கரையில் மனநலச் செவிலியருக்கான உளச்சிகிச்சைப் பயிற்சி

எம்.எஸ்சி. மனநலச் செவிலியம் படிப்பவர்களுக்காகவும், மனநலச் செவிலியப் பட்டயம் முடித்து மாவட்ட மருத்துவமனையிலோ மாவட்ட மனநலத் திட்டத்திலோ வேலை பார்ப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மாத்திரை, ஊசி, வார்டு பராமரிப்பு எல்லாவற்றிலும் இவர்கள் தேர்ந்தவர்கள். ஒருவர் எதிரே உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேச்சையே சிகிச்சையாக நடத்தச் சொன்னால் தயங்குகிறார்கள். எட்டுப் பேரை வட்டமாக உட்காரவைத்து நடத்தச் சொன்னால் தயக்கம் இரட்டிப்பாகிறது.

நான் பார்த்தவரை இந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் வரிசை மாறுவதால் வருகிறது. ஒரே நேரத்தில் பத்துப் பேரைப் பார்த்துவிடலாம் என்று குழுவில் தொடங்குகிறார்கள். மேற்பார்வையாளரைக் கடைசியில் தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள்: முதலில் மேற்பார்வையாளர், அடுத்து தனிநபர் அமர்வுகள், அதன் பிறகே குழு.

1. மேற்பார்வையாளர் கிடைக்கும்வரை யாரையும் சேர்க்காதீர்கள்

உளச்சிகிச்சையில் மேற்பார்வை என்பது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதோடு முடியாது. வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், நீங்கள் நடத்திய அமர்வை வரிவரியாகக் கேட்டுப் பேசக்கூடிய ஒருவர் வேண்டும். மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், அனுபவமுள்ள மனநலச் செவிலிய ஆசிரியர் என்று யாராகவும் இருக்கலாம். அவர் மதுரையில் இருந்தால் வீடியோ அழைப்பில் செய்துகொள்ளலாம். ஆனால் அவசரத்தில் எழுந்து வரக்கூடிய ஒரு டாக்டர் நீங்கள் இருக்கும் கட்டடத்திலேயே இருக்க வேண்டும். இந்த இரண்டு பேரும் வேறு வேறு ஆளாக இருப்பதில் தவறில்லை. இரண்டில் ஒருவர் இல்லாமல் தொடங்குவதுதான் தவறு.

வெளிநாட்டு வேலையை எண்ணிப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அமெரிக்காவில் மனநல நர்ஸ் பிராக்டிஷனர் (மருந்தும் எழுதும் உயர்நிலைச் செவிலியர்) சான்றிதழுக்கு, குறைந்தது இரண்டு உளச்சிகிச்சை முறைகளில் மேற்பார்வையோடு பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அதனால் தேதி, மணி, முறை, மேற்பார்வையாளர் பெயர் நான்கையும் முதல் நாளிலிருந்தே குறித்து வாருங்கள். பிறகு நினைவிலிருந்து எழுதிய பதிவேடு எங்கும் நிற்காது.

2. சட்டத்தில் நான்கு இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முழுவதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அமர்வில் நேரடியாகக் கைகொடுப்பவை இவை.

பிரிவு 23, நோயாளியின் ரகசியத்தைக் காக்கிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற விதிவிலக்குகளையும் சொல்கிறது. பிரிவு 95, ஒருவரை எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. பிரிவு 115, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. இங்கே குடும்பங்கள் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து நடந்ததை மறைக்கின்றன. இந்தப் பிரிவை எளிய சொற்களில் சொன்னால் உண்மை வெளிவரும். நான்காவது, இந்தச் சட்டத்துக்கு வெளியே இருப்பது: 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். ஒரு குழந்தை மீதான பாலியல் குற்றம் உங்கள் காதுக்கு வந்தால் புகார் செய்வது கட்டாயம். ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்கும் முன்பே இந்த எல்லையைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வாக்குக் கொடுத்துவிட்டு பிறகு மீறினால் அந்த ஊரில் உங்களிடம் அடுத்த ஆள் வரமாட்டார்.

3. முதல் அமர்வுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

கதவு மூடும் அறை ஒன்று. அது கிடைக்காவிட்டால், குரல் எட்டாத தூரத்தில் வேப்பமரத்தடி கூடப் போதும். திரைச்சீலை மட்டும் தொங்கும் அறையைவிட அது மேல். தமிழில் அச்சிட்ட பி.எச்.க்யூ-9 தாள்கள். இது மனச்சோர்வை அளக்க 0 முதல் 27 வரை மதிப்பெண் தரும் ஒன்பது கேள்விகள். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்கிறதா என்று கவனமாகப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாவு பற்றிய எண்ணத்தைக் கேட்கிறது. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் அந்த ஒரு விடையைத் தனியாகப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, குழந்தைகளுக்கான 1098 இரண்டையும் சிறு சீட்டில் எழுதி வைத்திருங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் உங்கள் சொந்த எண்ணில் கிடைப்பேன் என்று சொல்லாதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது.

நோயாளியின் மருந்துப் பட்டியலையும் முன்பே படித்துவிடுங்கள். செவிலியருக்கு மற்ற ஆலோசகர்களைவிடக் கூடுதலாக இருக்கும் பலம் இதுதான், ஆனால் பேச்சு சிகிச்சைக்கு வந்ததும் பலர் அதை வாசலில் விட்டுவிடுகிறார்கள். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் சாப்பிடுபவர் கடலில் வெயிலில் வேர்த்து, தண்ணீர் குறைத்துக் குடித்து, உடல்வலிக்கு மெடிக்கல் கடையில் டைக்ளோபினாக் வாங்கிப் போட்டால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கை நடுக்கம், வாந்தி, பேதி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் தெரிந்தால் அமர்வை நிறுத்தி டாக்டரை அழைக்க வேண்டும். இரவில் தூக்க மாத்திரை எழுதப்பட்டவர் அன்றிரவே படகேறுகிறாரா என்றும் கேளுங்கள். மருந்துச் சீட்டு எழுதும் அவசரத்தில் இதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

4. தனிநபர் அமர்வு: எது முன், எது பின்

முதல் வேலை, கூட வந்தவரை வெளியே அனுப்புவது. இந்தக் கரையில் நோயாளி தனியாக வருவதே அபூர்வம். அம்மா, மச்சான், சில சமயம் படகு முதலாளிகூட வருவார். "அண்ணே, கொஞ்ச நேரம் வெளியே இருங்கள். கடைசிப் பத்து நிமிடம் உங்களையும் கூப்பிட்டுப் பேசுவேன்" என்று சொல்லுங்கள். தனக்கும் ஒரு முறை வரும் என்று தெரிந்தவர் சண்டையில்லாமல் எழுந்துபோவார். கடைசியில் அவரை அழைக்கவும் வேண்டும். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று நோயாளியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ரகசியமும் அதன் எல்லையும். அவருடைய பிரச்சினையைக் கேட்பது மூன்றாவதுதான். அதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். "நெஞ்சில் பாரம்", "மண்டைக்குள் இரைச்சல்", "காத்துக் கருப்பு பட்டுவிட்டது" என்று வந்தால் அப்படியே. மாணவர்கள் உடனே அதை மனச்சோர்வு, பதற்றம் என்று மாற்றிவிடுகிறார்கள். மாற்றிவிட்டால் அடுத்த வாரம் பாரம் குறைந்ததா என்று கேட்க வழியில்லாமல் போகிறது.

தர்காவுக்கோ கோயிலுக்கோ போனதாகச் சொன்னால் வாதம் செய்யாதீர்கள். "போய் வந்தபின் எப்படி இருந்தது?" என்று கேளுங்கள், அதோடு மாத்திரை நிற்கவில்லையே என்றும் கேளுங்கள். இரண்டும் சேர்ந்து நடக்கலாம் என்று குடும்பம் உணர்ந்தால் அவர்கள் உங்களிடமிருந்து எதையும் மறைக்கமாட்டார்கள். மனநோயாளிகளை அழைத்து வரும் தர்கா உள்ள ஏர்வாடியில் களப்பயிற்சிக்குப் போகும் மாணவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அங்கே ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று நடந்த தீ விபத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்துபோனார்கள். யாரையாவது கட்டிவைத்திருப்பதைக் கண்டால் அன்றே மேற்பார்வையாளருக்கும் மாவட்ட மனநலக் குழுவுக்கும் தெரிவியுங்கள். குடும்பத்தைத் திட்ட வேண்டாம். எதற்குப் பயந்து கட்டினார்கள் என்று கேளுங்கள். இரவில் எழுந்து ஓடிவிடுவான் என்பதே பயம் என்றால், தூக்கத்துக்கான மருந்தும் இரவுத் துணையும்தான் சங்கிலியைக் கழற்றும்.

நான்காவது, சாவு எண்ணத்தை நேராகக் கேட்பது. "வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா? செத்துவிடலாம் என்று நினைத்ததுண்டா? எப்படி என்று யோசித்ததுண்டா?" இந்த வரிசையில் ஒவ்வொரு படியாக இறங்குங்கள். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்ற பயம் எல்லாப் புதியவர்களுக்கும் உண்டு. கேட்பது எண்ணத்தை விதைப்பதில்லை. பெரும்பாலானோர் யாரோ கேட்டுவிட்டார்களே என்று மூச்சு விடுகிறார்கள். திட்டம் இருப்பதாகச் சொன்னால் ஆளைத் தனியே விடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் சிகிச்சை முறை. முதல் முறையாகச் செயலூக்கச் சிகிச்சையையும், பிரச்சினையைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தீர்க்கும் முறையையும் பழகச் சொல்வேன். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் பட்டம் இல்லாத ஆலோசகர்கள் பயிற்சி பெற்று 6 முதல் 8 அமர்வுகளில் செயலூக்க முறையை நடத்தியது பலன் தந்தது. படிகள் தெளிவாக இருப்பதால் எங்கே பிசகியது என்று மேற்பார்வையாளராலும் சொல்ல முடியும். பழைய காயங்களைத் தோண்டும் சிகிச்சையை இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள். திறந்ததை மூடும் பயிற்சி இன்னும் உங்களுக்கு வரவில்லை.

செயலூக்கம் என்றால், மனம் சரியானபின் வேலை செய்யலாம் என்று காத்திருக்காமல், சிறு வேலையைச் செய்து அதன் வழியாக மனநிலையை நகர்த்துவது. கடிகார அட்டவணை இங்கே ஒத்துவராது. இரவில் கடலுக்குப் போய் விடிந்து திரும்புபவரிடம் காலை ஆறு மணிக்கு எழுந்து நடக்கச் சொல்வது பொருளற்றது. அவருடைய தூக்கக் குறைவே நோயா, தொழிலா என்று முதலில் பிரிக்க வேண்டும். "கரை வந்து மீனை இறக்கியபின்", "வலை காயப்போட்டபின்", "பிள்ளையைப் பள்ளியில் விட்டபின்" என்று அவர் நாளின் ஆணிகளில் வேலையை மாட்டுங்கள். வாரத்துக்கு இரண்டு வேலை போதும். செய்யாமல் வந்தால் கண்டிக்காமல் எது தடுத்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்தத் தடைதான் அடுத்த அமர்வின் பொருள்.

குடியைப் பற்றி எல்லாரிடமும் கேட்க வேண்டும். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்திவிட்டு நடுங்கிக்கொண்டு, வேர்த்து, குழப்பமாகப் பேசிக்கொண்டு வந்தால் அது பேசித் தீர்க்கும் விஷயம் இல்லை. வலிப்பு வரலாம், உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

கடலில் போனவர் திரும்பாத வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உடல் கிடைக்காததால் சடங்கு நடக்கவில்லை. மனைவி பூவையும் பொட்டையும் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார். ஊரும் இரண்டாகப் பேசும். இங்கே "இறந்துவிட்டார்" என்ற சொல்லை நீங்கள் முதலில் எடுக்காதீர்கள். அந்தப் பெண் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறாரோ அதையே பயன்படுத்துங்கள். நம்பிக்கையையும் உடைக்க வேண்டாம், வளர்க்கவும் வேண்டாம். காணாமல் போனவரைச் சட்டம் இறந்தவராகக் கருத பொதுவாக 7 ஆண்டுகள் ஆகும் என்பதால், நிவாரணம், வங்கிக் கணக்கு எல்லாம் அந்தரத்தில் நிற்கும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுத உதவுவதும் சிகிச்சையின் பகுதிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அரிசிக்கு வழியில்லாத வீட்டில் துக்கத்தை மட்டும் பேசுவது நியாயமாகாது.

5. அன்றே எழுதுங்கள்

ஒலிப்பதிவுக்கு எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். பலர் தரமாட்டார்கள், வற்புறுத்தவும் கூடாது. அதனால் தாளை நெடுக்காகப் பிரித்து எழுதும் மூன்று பத்தி முறை: அவர் சொன்னது, நான் சொன்னது, அப்போது எனக்குள் என்ன ஓடியது. முழு அமர்வும் வேண்டாம், பேச்சு திரும்பிய பத்து நிமிடம் போதும். அன்று மாலைக்குள் எழுதிவிட வேண்டும். மறுநாள் எழுதினால் நாம் சொன்னதெல்லாம் அழகாகிவிடும், அதில் கற்க ஒன்றும் இருக்காது. பெயர், ஊர், படகின் பதிவு எண் எதையும் எழுதாதீர்கள். இங்கே படகைச் சொன்னாலே வீட்டைச் சொன்னதாகிவிடும்.

மூன்றாவது பத்தியை மாணவர்கள் காலியாக விடுகிறார்கள். மேற்பார்வையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. "கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று நீங்கள் சொன்ன இடத்துக்கு எதிரே, உங்களுக்கு அந்த அழுகையைத் தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தால்தான் அடுத்த முறை அந்த வாக்கியத்தை விழுங்கக் கற்றுக்கொள்வீர்கள்.

6. குழுவின் வெற்றி ஆள் சேர்ப்பதில் இருக்கிறது

சிலருடனாவது தனிநபர் சிகிச்சையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நடத்தி, மேற்பார்வையாளரும் போதும் என்று சொன்ன பிறகு குழுவுக்கு வாருங்கள். ஒருவரின் அழுகையில் நிலைகுலையாமல் இருக்கப் பழகியவரால்தான் எட்டு முகங்களையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியும்.

ஆறு முதல் எட்டுப் பேர், எட்டு வாரம், ஒன்றரை மணி நேரம், இடையில் புதியவர்களைச் சேர்க்காத மூடிய குழு. பொருளுக்கு, உலக சுகாதார நிறுவனம் மனச்சோர்வுக்குப் பரிந்துரைக்கும் குழு முறையின் நான்கு வகைகளை எடுத்துக்கொள்ளுங்கள்: துக்கம், உறவில் பூசல், வாழ்க்கை மாற்றம், தனிமை. கணவர் எல்லை தாண்டியதாகக் கைதாகி இலங்கைச் சிறையில் இருக்கும் பெண்களும், வளைகுடா நாட்டில் கணவர் இருக்கும் கீழக்கரை, தொண்டிப் பெண்களும் இவற்றில் ஏதாவது ஒன்றில் வந்துவிடுவார்கள்.

இனி, இந்தக் கரைக்கே உரிய சிக்கல். ஒரு மீனவக் குடியிருப்பில் எல்லாரும் உறவினர். மாமியாரும் மருமகளும், கடன் கொடுத்தவரும் வாங்கியவரும், படகு முதலாளியின் மனைவியும் அதே படகில் கூலிக்குப் போகிறவரின் மனைவியும் ஒரே பாயில் உட்கார்ந்துவிட்டால், எட்டு வாரமும் மீன் விலையைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். எனவே ஒவ்வொருவரையும் முன்கூட்டியே தனியாகச் சந்தித்துக் கேளுங்கள்: "அக்கா, யார் இருந்தால் உங்களால் வாய் திறக்க முடியாது?" காரணம் கேட்க வேண்டாம், பெயர் மட்டும். இந்தப் பட்டியலை யாருக்கும் காட்டாமல் நீங்களே பொருத்திப் பார்த்துப் பிரித்துவிடுங்கள். ஒரே ஊரில் குழு அமையாவிட்டால் இரண்டு மூன்று ஊரிலிருந்து சேர்த்து, நடுவில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடத்துங்கள். பஸ் செலவு ஒரு தடைதான், ஆனாலும் பேச முடியாத குழுவைவிட அது சிறிய தடை.

அதே சந்திப்பில், இது மகளிர் சுய உதவிக் குழு இல்லை, கடன் கிடைக்காது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஆள் சேர வேண்டும் என்பதற்காக இதை மங்கலாக விடுகிறார்கள். மூன்றாவது வாரம் பாதிப்பேர் நின்றுவிடுகிறார்கள், நம்பிக்கையும் போகிறது. "மனநோய்க் குழு" என்று பலகை வைக்கவும் வேண்டாம். "தூக்கமின்மை, மன அழுத்தத்துக்கான குழு" என்பது உண்மையாகவும் இருக்கிறது, வாசலில் நிற்கவும் கூசாது.

முதல் குழுவில் சேர்க்கக் கூடாதவர்கள்: இப்போது காதில் இல்லாத குரல் கேட்பவர், மிகை எழுச்சியில் (மேனியா) இருப்பவர், குடித்துவிட்டு வருபவர், சாவுத் திட்டம் உள்ளவர். அவர்களுக்குத் தனிக் கவனிப்பு வேண்டும். மண்டபம் ஊரில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் நடத்துவதானால் நிர்வாக அனுமதியை முதலில் வாங்குங்கள். கடல் கடந்து வந்த கதையை முதல் சந்திப்பிலேயே கேட்காதீர்கள். பலமுறை பல அதிகாரிகளிடம் அதைச் சொல்லிக் களைத்தவர்கள் அவர்கள்.

7. நாள் குறிப்பது

ஆண்களுக்கான குழு என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் பொருத்தமானது. 61 நாட்களில் எட்டு வார அமர்வுகள் அடங்கிவிடும். முன்சந்திப்புகளை மார்ச்சிலேயே முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கடைசி அமர்வுகள் படகு இறங்கும் நாளில் வந்து விழும். தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுக்காரர்கள் அப்போதும் கடலுக்குப் போவார்கள் என்பதை மறக்காதீர்கள்.

மற்ற மாதங்களில் படகு இறங்கும் நாட்களைக் கேட்டுக்கொண்டு நாள் வையுங்கள். பாசி எடுக்கும் பெண்களுக்கு நீர் வற்றும் நாட்கள் முக்கியம். கீழக்கரையில் வெள்ளி நண்பகலும் தங்கச்சிமடத்தில் ஞாயிறு காலையும் ஆகாது. அக்டோபர் முதல் டிசம்பர்வரை மழையும் புயல் எச்சரிக்கையும் குறுக்கிடும்; மூடிய குழுவை அப்போது தொடங்காமல் இருப்பது நல்லது.

8. குழு அமர்வை நடத்துதல்

இருவர் நடத்துங்கள். ஒருவர் பேச்சை நடத்த, மற்றவர் யார் யாரைப் பார்த்தார், யார் முந்தானையை முறுக்கினார் என்று கவனிக்கட்டும். இணை நடத்துநர் அதே ஊர்க்காரராக இருக்க வேண்டாம். எல்லாரும் பாயில் என்றால் நீங்களும் பாயில். நாற்காலியில் உட்கார்ந்த உடனே அது வகுப்பாகிவிடும்.

முதல் அமர்வில் விதிகள்: இங்கே கேட்டது வெளியே போகாது, கேட்காமல் யாரும் அறிவுரை சொல்ல வேண்டாம், அழலாம், எழுந்து போய்த் திரும்பி வரலாம். குழுவில் ரகசியத்துக்கு உங்களால் முழு உத்தரவாதம் தர முடியாது என்பதையும் சொல்லுங்கள். உங்கள் பங்குக்கு மட்டுமே நீங்கள் வாக்குக் கொடுக்க முடியும்.

புதியவர்களிடம் நான் அதிகம் காணும் பிழை, வட்டத்தில் ஒவ்வொருவராகத் தனிநபர் சிகிச்சை செய்வது. ஒருவரிடம் கால் மணி, அடுத்தவரிடம் கால் மணி. மற்றவர்கள் மருத்துவமனை வரிசையில் இருப்பதுபோல் காத்திருக்கிறார்கள். குழுவின் மருந்து உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் தருவது. "கணவர் போன் எடுக்காத இரவைச் சொன்னபோது லாத்தா நீங்கள் தலையசைத்தீர்களே" என்று ஒரு நூலை எடுத்து மற்றவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் விலகிக்கொள்ளுங்கள். தனக்கு மட்டும்தான் இப்படி என்ற எண்ணம் அங்கேதான் கரையத் தொடங்குகிறது. எந்த ஆலோசகர் சொன்னாலும் அது கரையாது.

மௌனம் வந்தால் நிரப்பாதீர்கள். மூச்சைப் பத்துவரை எண்ணுங்கள். பெரும்பாலும் அதற்குள் யாராவது பேசுவார்கள். ஒருவரே பேசிக்கொண்டிருந்தால், "அக்கா, நீங்கள் சொன்னதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது, அது மற்றவர்களுக்கு எப்படிப் பட்டது என்று கேட்போமா?" என்று மடை மாற்றுங்கள். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் முணுமுணுப்பும் சிறு சண்டையும் வரும்; நடத்துபவர் மீதும் கோபம் வரும். குழு கெட்டுவிட்டது என்று பயந்து மாணவர்கள் அந்த வாரம் சொற்பொழிவுக்குத் தாவுகிறார்கள். தாவாதீர்கள். பூசலை அங்கேயே பேசி முடித்த குழுதான் நான்காவது வாரம் ஆழமாகப் போகும்.

குழுவில் யாராவது சாக வேண்டும் என்று சொன்னால், வட்டத்தில் விசாரணை நடத்தாதீர்கள். "இதை நீங்கள் சொன்னது நல்லது. முடிந்ததும் நாம் இருவரும் உட்கார்ந்து பேசுவோம்" என்று சொல்லுங்கள், இணை நடத்துநர் அவரருகில் போய் உட்காரட்டும். அவர் அங்கே இருக்க முடியாத நிலையில் இருந்தால் இணை நடத்துநர் உடனே வெளியே அழைத்துச் சென்று டாக்டரைப் பார்க்கவைக்க வேண்டும். மீதிப்பேரிடம் அதைக் கேட்டபோது எப்படி இருந்தது என்று கேட்காமல் அன்று கலையக் கூடாது. அதே எண்ணம் இன்னொருவருக்குள்ளும் இருக்கலாம்.

9. முடிப்பதும் ஒப்படைப்பதும்

எத்தனையாவது அமர்வு என்று ஒவ்வொரு வாரமும் சொல்லுங்கள்: "இன்று ஐந்தாவது, இன்னும் மூன்று இருக்கிறது." ஏற்கெனவே திடீர்ப் பிரிவுகளால் அடிபட்டவர்களை இன்னொரு திடீர்ப் பிரிவுக்கு ஆளாக்கக் கூடாது. ஏழாவது அமர்வில் பழைய புகார்கள் திரும்பி வரும், தூக்கம் மறுபடி கெட்டதாகச் சொல்வார்கள். அது பிரிவின் வலி. உடனே இன்னும் நான்கு வாரம் நீட்டிவிடாமல் அந்த வலியையே பேசுங்கள்.

கடைசி அமர்வில் பி.எச்.க்யூ-9ஐ மறுபடி எடுத்து முதல் தாளோடு ஒப்பிட்டு, ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்லுங்கள். குறையாதவர்களை மேற்பார்வையாளரிடம் பேசி டாக்டரிடமோ தனிநபர் சிகிச்சைக்கோ அனுப்புங்கள். பயிற்சிக் காலம் முடிந்து மாணவர்கள் ஊர் திரும்பும் வாரத்தில்தான் நோயாளிகள் கைவிடப்படுகிறார்கள். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே, அடுத்துப் பார்க்கப்போகும் செவிலியரை அமர்வுக்கு அழைத்து வந்து நேரில் அறிமுகப்படுத்துங்கள். ஒரு பக்கச் சுருக்கம் எழுதி பைலில் வையுங்கள்: எதற்காக வந்தார், எது உதவியது, எது உதவவில்லை, அவரிடம் எந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, அடுத்த மருந்துத் தேதி எப்போது.